அரியலூர் முதலிடம்: சின்ன மாவட்டம் என்பதாலா, வேறு காரணமா?

செந்துறைக்காரன்

இந்த வருடம் (2025) பிளஸ் டூ ரிசல்ட்டில் அரியலூர் 98.82 சதவீதத்தோடு மாநிலத்திலேயே முதல். ஈரோடு 97.98, திருப்பூர் 97.53 எல்லாம் அடுத்துதான். அடுத்த வாரம் வந்த பிளஸ் ஒன் ரிசல்ட்டிலும் 97.76 எடுத்து நாங்கள்தான் முதல். ஊர் வாட்ஸ்அப் குழுவில் கொண்டாட்டம் இன்னும் அடங்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்து எழுத்தறிவு 71.34 சதவீதம், மாநிலத்துக்கு 80.09. கடைசி வரிசையில் இருந்த மாவட்டங்களில் ஒன்று. ஊரகம்தான் ஏறக்குறைய எல்லாமே; நகரத்தில் இருப்பவர்கள் சுமார் 11 சதவீதம். முந்திரிக்காடு, சுண்ணாம்புக்கல் சுரங்கம், வானம் பார்த்த பூமி. பட்டியல் சாதியினரும் மிகவும் பிற்படுத்தப்பட்டோரும்தான் பெரும்பகுதி. பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வீட்டில் அவர்கள்தான் முதல் தலைமுறை. நான் படித்த காலத்தில் ரிசல்ட் பட்டியலை எங்கள் ஊருக்காகக் கீழிருந்துதான் படிக்க ஆரம்பிப்போம்.

கோச்சிங் சென்டரும் பெரிய கட்டணப் பள்ளிகளும் குவிந்த ஊர்களை இந்த மாவட்டம் எப்படித் தாண்டியது? பக்கத்து பெரம்பலூரும் அப்படித்தான்: 2022 பிளஸ் டூவில் 97.95 எடுத்து முதலிடம், 2023 பத்தாவதில் 97.67 எடுத்து முதலிடம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "பிள்ளைகளின் உழைப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

எண்ணும்_எழுத்தும்

முதலில் அளவைப் பாருங்கள். பெரம்பலூரின் மக்கள்தொகை 2011இல் 5,65,223, மாநிலத்திலேயே குறைவு. அரியலூர் 7,54,894. இந்த அளவு மாவட்டத்தில் பிளஸ் டூ எழுதுபவர்கள் எட்டாயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். 2024 பிளஸ் டூவில் திருப்பூர் 97.45, ஈரோடும் சிவகங்கையும் 97.42, அரியலூர் 97.25. அரியலூர் அன்றைக்கு முதலிடம் பிடிக்க இன்னும் 0.2 சதவீதம் போதும். அதாவது பதினாறு, பதினேழு பிள்ளைகள். அதற்குப் பேப்பரில் முதல் பக்கம் ஒருவருக்கு, உள்பக்கம் இன்னொருவருக்கு.

மாணவர்களுக்கு ரேங்க் போடுவதை 2017இல் நிறுத்தினார்கள். மாவட்டங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் போடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மலைக்கோட்டை

சின்னது என்பதால் முதலிடம் வரும் என்றால் நீலகிரி எங்கே போச்சு? அது அரியலூரைவிடச் சின்னது.

எண்ணும்_எழுத்தும்

நல்ல கேள்வி. சின்னதாக இருந்தால் முதலிடம் வரும் என்று நான் சொல்லவில்லை. மேலும் கீழும் வேகமாக ஆடும் என்கிறேன். 2024 பத்தாவதில் அரியலூர் 97.31 எடுத்து முதலிடம். இந்த வருடப் பத்தாவதில் சிவகங்கை 98.31, விருதுநகர் 97.45, தூத்துக்குடி, கன்னியாகுமரி, திருச்சி. முதல் ஐந்தில் அரியலூர் இல்லை. ஒரே வருடத்தில் அங்கே கல்வி கெட்டுப்போனதா? இல்லையே.

ஆனால் ஆட்டம் மட்டுமே காரணம் என்றும் முடித்துவிட முடியாது. அப்படியென்றால் ஒரு வருடம் மேலே, அடுத்த வருடம் அடியில் என்று வந்திருக்க வேண்டும். அரியலூர், பெரம்பலூர், சிவகங்கை மூன்றும் சில வருடங்களாக மேல்வரிசையை விட்டு இறங்குவதில்லை. அங்கே ஏதோ ஒன்றைத் திட்டமிட்டுச் செய்கிறார்கள். அது என்ன என்பதைப் பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வேதியியல்_டீச்சர்

அரியலூர், பெரம்பலூர் இரண்டில் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டாம்.

என்ன செய்கிறோம் என்று அப்படியே சொல்கிறேன். காலாண்டு முடிந்ததும் ஒவ்வொரு பாடத்திலும் 'மெல்லக் கற்போர்' பட்டியல் தயாராகிவிடும். அரையாண்டில் அது இறுதியாகும். அந்தப் பிள்ளைகளை ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவோம், ஆளுக்கு ஐந்தாறு பேர். அவர்கள் வந்தார்களா, வராவிட்டால் ஏன், வீட்டில் யாருடைய போன் எடுக்கும், அப்பா எந்த ஊரில் வேலைக்குப் போயிருக்கிறார், எல்லாம் அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஒன்று. ஜனவரியிலிருந்து திருப்புதல் தேர்வுகள். ஒவ்வொன்றும் முடிந்ததும் சி.இ.ஓ. (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீசில் மீட்டிங்.

சின்ன மாவட்டம் என்பது இங்கேதான் கைகொடுக்கிறது. நான்கே தாலுகா. எல்லா எச்.எம்.களும் ஒரே ஹாலில் உட்கார்ந்துவிடலாம். எந்தப் பள்ளியில் கணக்குக்கு ஆள் இல்லை என்று சி.இ.ஓ.வுக்குப் பட்டியல் பார்க்காமலே தெரியும். பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரம் இரண்டு நாள் ஒருவரை அனுப்பிவிடுவார். பெரிய மாவட்டத்தில் அந்தச் செய்தி மேலே போய்ச் சேர்வதற்குள் பொங்கல் வந்துவிடும்.

அப்புறம் மார்க் கணக்கு. என் பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பாஸ் ஆக மொத்தம் 35, எழுத்தில் குறைந்தது 15. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து முப்பதை ஒட்டியே எல்லோருக்கும் விழுந்துவிடும். ஆக, அந்தப் பிள்ளைக்குத் தேவை எழுத்தில் 15. கேள்வித்தாளில் ஒரு மார்க் கேள்விகள் எத்தனை? அதே பதினைந்து. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதில் பத்து, இரண்டு மார்க்கில் ஒன்றிரண்டு, சமன்பாடு எழுதியதற்கு ஒரு மார்க். முடிந்தது.

இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு வெட்கமில்லை. ஃபெயில் ஆன பெண்ணுக்கு ஜூன் மாதத்தில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பாஸ் என்ற ஒரு தாள் இருந்தால் காலேஜ், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், குறைந்தது மூன்று வருடம் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும்.

வேலூர்க்காரன்

டீச்சர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் முதலிடம் வந்த மாவட்டத்து ஆட்கள் பேசும்போது கடைசியில் நிற்கும் மாவட்டத்து ஆசிரியர்கள் எல்லாம் தூங்குகிறார்கள் என்று அர்த்தம் வந்துவிடுகிறது. 2024 பத்தாவதில் வேலூர் 82.07, மாநிலத்தில் கடைசி. அதற்கு முந்தைய வருடம் ராணிப்பேட்டை 83.54 எடுத்துக் கடைசி. அதே 2024 பிளஸ் டூவில் திருவண்ணாமலை கடைசி. எல்லாம் ஒரே பக்கத்து மாவட்டங்கள். ஒரே மூலையில் இருக்கும் ஆசிரியர்கள் மட்டும் சோம்பேறிகளாகப் பிறந்தார்களா?

இங்கே யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ கம்பெனி. குடியாத்தம் பக்கம் பீடி, தீப்பெட்டி. பதினைந்து வயதுப் பையனுக்குக் கூப்பிடு தூரத்தில் கூலி இருக்கிறது. ஜவ்வாது மலைப் பிள்ளைகளின் பெற்றோர் கேரளா, கர்நாடகத் தோட்டங்களுக்கு மாதக்கணக்கில் போய்விடுவார்கள். பிள்ளையும் கூடப் போகும், இல்லையென்றால் பாட்டி வீட்டில் தங்கும். உருது வழியில் படித்து வந்த பிள்ளைகள் தனி. 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். அலுவலகம் மூன்றானது. மலை அதே இடத்தில்தான் இருக்கிறது.

அரியலூரில் ஏழ்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது விவசாய ஏழ்மை. பையனை மார்ச் மாதத்தில் பள்ளியை விட்டு இழுக்கும் ஃபேக்டரி அங்கே வாசலில் இல்லை. இரண்டும் ஒன்றல்ல.

செந்துறைக்காரன்

அண்ணே, உங்கள் ஊரைக் குறை சொல்ல இழை ஆரம்பிக்கவில்லை. ஆனால் இழுக்கும் வேலை எங்களுக்கும் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனி, போர்வெல் வண்டி, சென்னையில் கட்டட வேலை. என் செட்டில் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள்தான்.

வேலூர்க்காரன்

போனவர்கள்தானே. திருப்பூருக்குப் போனவன் பள்ளிப் பெயர்ப்பட்டியலிலிருந்தே போய்விடுகிறான், சதவீதத்தில் விழுவதில்லை. எங்கள் ஊரில் ஷூ கம்பெனிக்குப் போகிறவன் பட்டியலில் இருந்துகொண்டே போகிறான். பரீட்சைக்கு வந்து எழுதிவிட்டு ஃபெயிலும் ஆகிறான். இரண்டில் எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆடிட்_பார்வை

வேலூர் நண்பர் தொட்ட இடம்தான் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். எல்லோரும் சதவீதத்தின் மேல் எண்ணைப் பற்றியே பேசுகிறோம். கீழ் எண் என்ன?

தேர்ச்சி சதவீதம் என்பது பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பது. எழுத வராதவர் கணக்கில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ முதல் நாள் தமிழ்த் தேர்வுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. பெரிய செய்தியானது, சட்டமன்றம் வரை பேச்சு போனது. கொரோனா வருடத்தில் எல்லோரையும் பாஸ் போட்டு அனுப்பிய செட் அது. ஆனால் ரிசல்ட் வந்தபோது மாநிலத் தேர்ச்சி 94.03 சதவீதம், அதற்கு முந்தைய வருடத்து 93.76ஐவிடக் கூடுதல். ஐம்பதாயிரம் பேர் காணவில்லை, சதவீதம் ஏறியிருக்கிறது.

இன்னொரு கணக்கு. இந்த வருடம் பிளஸ் டூ எழுதியவர்கள் 2023இல் பத்தாவது எழுதிய செட். அந்த வருடம் பத்தாவது எழுதியவர்கள் 9,14,320 பேர். பாஸ் 8,35,614. இரண்டு வருடம் கழித்து பிளஸ் டூ எழுதியவர்கள் 7,92,494, பாஸ் 7,53,142. இதைத்தான் 95.03 சதவீதம் என்று பேப்பரில் படித்தோம். பத்தாவது எழுதிய நூறு பேரிலிருந்து எண்ணிப் பார்த்தால் பிளஸ் டூ எழுதியவர்கள் 87 பேர், பாஸ் ஆனவர்கள் 82 பேர். விடுபட்ட 18 பேரில் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போனவர்கள் உண்டு, அது நல்ல பாதைதான். சி.பி.எஸ்.இ.க்குப் போனவர்களும் வந்தவர்களும் உண்டு. அதனால் 18 பேரும் இடைநின்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 95க்கும் 82க்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றி மே மாதத்தில் யாரும் பேசுவதில்லை.

இந்தக் கணக்கை மாவட்ட வாரியாகப் போட்டால் அரியலூர் எங்கே நிற்கும்? அங்கேயும் முதலிடம் வந்தால் நானே வந்து ஃபிளெக்ஸ் கட்டுகிறேன்.

வேதியியல்_டீச்சர்

ஆடிட் சார், உங்கள் கணக்கில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் அரியலூர் அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்தால் 98.32 சதவீதம். மாவட்டத்து மொத்தத்துக்கும் அதற்கும் அரை சதவீதம்தான் வித்தியாசம். மாநில அளவில் அரசுப் பள்ளிகள் 91.94, மொத்தம் 95.03. அதாவது மற்ற ஊர்களில் அரசுப் பள்ளிப் பிள்ளை பின்னால் நிற்கிறது, இங்கே கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறது. தனியார் பள்ளிகளைப் போல ஒன்பதாவதிலேயே பார்த்துப் பார்த்து வடிகட்டி டி.சி. கொடுக்க எங்களால் முடியாது. வருகிற பிள்ளையைச் சேர்த்தாக வேண்டும்.

மலைக்கோட்டை

டி.சி. கொடுக்க முடியாது, சரி. "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதிக்கலாம்" என்று சொல்ல முடியுமே?

வேதியியல்_டீச்சர்

சொல்கிற இடங்கள் இருக்கலாம், எங்கள் பள்ளியில் இல்லை. நாமினல் ரோல், அதாவது பரீட்சை எழுதுபவர்களின் பெயர்ப்பட்டியல், எமிஸ் என்ற மாணவர் விவர இணையதளத்திலிருந்து நேராகப் போகிறது, பெயரை நாங்களாக எடுத்துவிட முடியாது. நீண்ட நாள் வராதவர்களைக் காமன் பூலுக்கு (எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுப் பட்டியல்) மாற்றுவார்கள், அதற்கும் மேலே கேள்வி வரும். வராத பையன் வீட்டுக்கு எச்.எம்., பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், சில நேரம் வி.ஏ.ஓ. வரை போய் நின்றிருக்கிறோம். ரிசல்ட் குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ யாருக்கு வரும் என்று நினைக்கிறீர்கள்?

ஓய்வு_தமிழாசிரியர்

மெமோவைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில் விருதுநகர்தான் ஒவ்வொரு ஆண்டும் முதலிடம். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அதிகாரிகளை அனுப்புவார்கள். திரும்பி வந்தவர்கள் காலை வகுப்பையும் மாலை வகுப்பையும் கொண்டுவந்தார்கள். விருதுநகரில் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சமூகத்தார் மகமை (வியாபாரத்தில் ஒரு பங்கை ஒதுக்கிச் சேர்க்கும் பொதுநிதி) வசூலித்துப் பள்ளிக்கூடம் நடத்திய கதையை யாரும் கொண்டுவரவில்லை. அதைக் கொண்டுவரவும் முடியாது.

அரியலூர், பெரம்பலூரில் அப்படிப்பட்ட அடித்தளம் கிடையாது. பழைய திருச்சி மாவட்டத்தின் ஓரம் இவை. பெரம்பலூர் 1995இல் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனியானது, அடுத்த ஆண்டே திரும்பச் சேர்க்கப்பட்டது, 2007இல்தான் மறுபடி நிலைத்தது. பிரிக்கும்வரை இந்தப் பக்கத்துக்கு நியமனமானால் தண்டனை என்று நினைத்து, கலந்தாய்வில் முதல் வாய்ப்பிலேயே திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஓடிவிடுவார்கள். தனி மாவட்டமான பிறகு உள்ளூர்ப் பிள்ளைகளே ஆசிரியர்களாகி உள்ளூரிலேயே இருக்க ஆரம்பித்தார்கள். ரிசல்ட் ஏறியதற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம். வேலூரில் மலைப்பள்ளிகளுக்கு இன்றுவரை இது நடக்கவில்லை.

அரசுக்கல்லூரி_விரிவுரை

பள்ளிப் பக்கம் பேசியாயிற்று. நான் அடுத்த வாசலில் நிற்பவன். அரசு கலைக் கல்லூரியில் முதலாண்டுக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

98 சதவீதம் பாஸ் ஆன மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். வகுப்பில் பாதிப்பேர் நன்றாகவே இருக்கிறார்கள், குறிப்பாகப் பெண்கள். ஆனால் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இருக்கட்டும், தமிழிலேயே ஒரு பத்தியைப் படித்து இரண்டு வரியில் சொல்ல வராது. வணிகவியலில் வட்டி கணக்குக்குச் சதவீதம் போடத் தெரியாது. பதினைந்து மார்க்குக்குப் பயிற்சி கொடுத்தால் பதினைந்து மார்க் வருகிறது. டீச்சர் மேல் கோபமில்லை, அவர் மார்ச் மாதத்தைப் பார்க்கிறார். எட்டாவது வரை யார் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்த வருடம் பிளஸ் டூ முடித்த செட் எட்டாவது படித்தபோது பள்ளிக்கூடமே மூடியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அடுத்த வருடம்தான் தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வி வந்தது. அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் ஆரம்பித்தபோது ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு. நடுவில் மாட்டிக்கொண்ட செட் இது.

எண்ணும்_எழுத்தும்

என் புனைபெயரைத் திட்டத்துக்கு வைத்துவிட்டார்கள், ராயல்டி கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

விரிவுரையாளர் சொன்னதைச் சோதிக்க வேறு அளவுகோல் வேண்டும். சதவீதத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு மாவட்டத்திலும் 400க்கு மேல் எத்தனை பேர், 500க்கு மேல் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். 35க்கு மேலே ஏற்றிவிட்ட கூட்டமும் 80க்கு மேலே போன கூட்டமும் வேறு வேறு. 'தேர்ச்சி' என்ற ஒற்றைக் கோட்டில் இரண்டும் கலந்துவிடுகின்றன.

குழுமூர்_பக்கம்

மார்க் அதிகம் எடுத்தால் மட்டும் என்ன கிடைத்தது? குழுமூர் அனிதா 2017இல் 1200க்கு 1176. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் கொடுத்திருந்தால் டாக்டர் ஆகியிருப்பார். அந்த வருடம் நீட் வந்தது, செப்டம்பர் 1ஆம் தேதி நாம் அவரை இழந்தோம். இந்த மாவட்டத்துக் கல்வியைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயரைச் சொல்லாமல் தாண்ட என்னால் முடியாது.

அதன் பிறகு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் உள்ளே போயிருக்கிறார்கள். ஆனால் அதற்கும் கோச்சிங் போக வசதி வேண்டும், ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுத வீட்டில் தாங்க வேண்டும். ஆசிரியர்கள் பாடுபட்டு ஒரு பரீட்சையில் பிள்ளைகளைச் சமமாக்கினால், கதவை இன்னொரு பரீட்சைக்கு மாற்றிவிடுகிறார்கள்.

ஆடிட்_பார்வை

சின்ன மாவட்டத்துக்கு லாபமான ஒன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது. ஒன்பதாவது படிக்கும் ஊரகப் பிள்ளைகளுக்கு நடக்கும் ட்ரஸ்ட் தேர்வில் ஒவ்வொரு வருவாய் மாவட்டத்துக்கும் 50 மாணவர், 50 மாணவியர் என்று ஒரே ஒதுக்கீடு. மாவட்டம் பெரியதா சிறியதா என்று பார்ப்பதில்லை. பெரம்பலூர்ப் பிள்ளைக்குப் போட்டி அந்த அளவுக்குக் குறைவு. தொகை வருடம் ஆயிரம் ரூபாய்தான், ஆனால் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

நிழல்_தேடி

இவ்வளவு பேசுகிறீர்கள், சாதி வாரியாக, வருமான வாரியாக யார் பாஸ், யார் ஃபெயில் என்ற கணக்கு எங்கே? ரிசல்ட் அன்று வரும் அறிக்கையில் ஆண், பெண் இருக்கிறது. அரசு, உதவிபெறும், தனியார் இருக்கிறது. இருபாலர் பள்ளி, ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி வரை இருக்கிறது. நாமினல் ரோலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்பு, தாய்மொழி எல்லாம் கேட்டு நிரப்புகிறார்கள். ரிசல்ட்டில் அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. பெரம்பலூரில் மக்கள்தொகையில் சுமார் 31 சதவீதம் பட்டியல் சாதியினர். அந்தப் பிள்ளைகளும் 97க்கு மேல் என்றால் அது தமிழ்நாடே படிக்க வேண்டிய பாடம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் பின்தங்குகின்றன என்றால் அது தெரிய வேண்டாமா? எல்லாப் பள்ளிகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவாருங்கள் என்று, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றிய நீதிபதி சந்துரு அறிக்கை 2024இல் சொன்னது. சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது.

மலைக்கோட்டை

சாதி வாரியாக வெளியிட்டால் ஃபிளெக்ஸும் சாதி வாரியாக வரும். வேண்டவே வேண்டாம்.

நிழல்_தேடி

ஃபிளெக்ஸுக்குப் பயந்து கணக்கை மூடி வைத்தால் யாருக்கு லாபம்? மாவட்ட மொத்தமாக வெளியிடட்டும். ஒரு பள்ளியில் ஐந்தே பேர் இருக்கும் பிரிவைத் தனியாகப் போட வேண்டாம், யார் ஃபெயில் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்தக் கவனம் போதும்.

அதைவிடக் கண்முன்னே இருக்கும் கணக்கையே யாரும் பார்ப்பதில்லை. 2024 பத்தாவதில் பெண்கள் 94.53, ஆண்கள் 88.58. ஆறு புள்ளி வித்தியாசம். இந்த வருடம் 95.88, 91.74. எந்த மாவட்டம் முதல் என்று சண்டை போடும் நேரத்தில் பையன்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்கலாம்.

வேதியியல்_டீச்சர்

பையன்கள் எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியும் மேடம். பைக்கில் போகிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பதினொன்றாவதில் லோடு வேலை, கேட்டரிங் என்று சனி, ஞாயிறு போக ஆரம்பிப்பார்கள், கையில் காசு வரும், வெள்ளிக்கிழமையும் வராமல் போவார்கள். ஆளுக்கு ஐந்து பேர் என்று நாங்கள் பிரித்துக் கொடுக்கும் பட்டியலில் நான்கு பேர் பையன்களாகத்தான் இருப்பார்கள். பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் இருப்பதுபோல் பையனுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. அதனால் எதுவும் மாறுகிறதா என்பது இன்னும் இரண்டு, மூன்று செட் போனால்தான் தெரியும்.

செந்துறைக்காரன்

எல்லோரும் சொன்னதை வைத்து ஒன்று செய்யலாம் என்று நினைக்கிறேன். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஊருக்குப் போகிறேன், என் தங்கை அதில் உறுப்பினர். 2021-22இல் ஒன்பதாவதில் எத்தனை பேர், அதில் இந்த மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவர் எத்தனை பேர் என்று கேட்கச் சொல்லப்போகிறேன். எச்.எம். கோபித்துக்கொள்வாரா டீச்சர்?

வேதியியல்_டீச்சர்

கேட்கிற விதத்தில் கேட்டால் கோபம் வராது. வெறும் இரண்டு எண்ணைக் கேட்காதீர்கள், அது எச்.எம்.மைக் குற்றவாளியாக்கும். டி.சி. வாங்கிப் போனவர்களில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், வேறு பள்ளி எத்தனை, எதிலும் சேராதவர் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். மாதிரிப் பள்ளிக்குப் போனவர்களையும் தனியாகக் கேளுங்கள். எங்கள் முதல் மார்க் பிள்ளைகள் அங்கே போய்விடுகிறார்கள், அவர்கள் எடுக்கும் மார்க் எங்கள் பள்ளிக் கணக்கில் வராது. பத்தாவது முடித்துப் புதிதாக வந்து சேர்ந்தவர்களும் இருப்பார்கள், கழித்துக்கொள்ளுங்கள். எல்லாம் எமிஸில் இருக்கிறது. உட்கார்ந்து எடுக்க அரை நாள் ஆகும், ரிசல்ட் வேலை, அட்மிஷன் வேலை முடிந்த பிறகு கேளுங்கள்.

வேலூர்க்காரன்

தம்பி, கேட்டு வாங்கினால் இங்கேயே போடுங்கள், பள்ளிப் பெயர் வேண்டாம். குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் நானும் அதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். 98உம் 82உம் இல்லாத ஒரு கணக்கில் இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆடிட்_பார்வை

இரண்டு பள்ளியை வைத்து இரண்டு மாவட்டத்தைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள். மற்ற ஊர்க்காரர்களும் போடுங்கள். சிவகங்கை, ராணிப்பேட்டை ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா?